வீட்டு இரைச்சலைத் தடுக்கக் காதடைப்பானா, காதுமூடியா, ஹெட்போனா: தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் அமைதி வேண்டும் என்று முடிவெடுத்தவர் பெரும்பாலும் முதலில் செய்வது, விலை உயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஒன்றை வாங்குவதுதான். அதை அணிந்ததும் மின்விசிறியின் ஓசை மறைந்துவிடுகிறது. ஆனால் அடுத்த அறையில் நடக்கும் பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் காதில் விழத் தொடங்குகிறது. கருவி பழுதாகிவிடவில்லை. எந்த வகை ஒலிக்காக அது வடிவமைக்கப்பட்டதோ அந்த ஒலியை அது நீக்கியிருக்கிறது; வாங்கியவரை வாட்டிய ஒலி வேறு வகையைச் சேர்ந்தது. ஆகவே இந்த வழிகாட்டி கருவிகளிலிருந்து தொடங்காமல் இரைச்சலிலிருந்து தொடங்குகிறது.

நாம் கருத்தில் கொள்ள வேண்டிய கருவிகள் மூன்று வகைப்படும். இயர்பிளக் என்று கடைகளில் கேட்டு வாங்கும் காதடைப்பான் செவித்துளைக்குள் செருகப்படுவது. இயர்மஃப் எனப்படும் காதுமூடி, தொழிற்சாலைகளிலும் விமான ஓடுதளங்களிலும் பணியாற்றுவோர் அணிவது. அது காதுமடல் முழுவதையும் இரு குவளைகளால் மூடுகிறது. மூன்றாவது வகை, மைக்ரோபோனும் மின்சுற்றும் கொண்டு எதிரலையை, அதாவது ஒலியலையின் தலைகீழ் வடிவத்தை, உருவாக்கி இரைச்சலைத் தணிக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனும் இயர்பட்ஸும் ஆகும். முதல் இரண்டும் ஒலியின் பாதையை அடைக்கின்றன. மூன்றாவது, ஓரளவு அடைப்பதோடு ஒலியை ஒலியால் கழிக்கவும் செய்கிறது.

படி 1: உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒலி எது என்பதை இனங்காணுங்கள்

ஒலிக்கு வலிமை மட்டுமன்றிச் சுருதியும் உண்டு என்பதைத் தேர்வின்போது பலரும் மறந்துவிடுகின்றனர். வலிமையை டெசிபெல் அலகிலும், சுருதியை ஹெர்ட்ஸ் அலகிலும் குறிக்கிறோம். குளிர்பதனப் பெட்டியின் முனகல், ஏ.சி. கம்ப்ரசரின் உறுமல், நின்றபடி இயங்கும் லாரியின் எஞ்சின், அண்டை வீட்டு ஸ்பீக்கரிலிருந்து வரும் பேஸ் ஒலி ஆகியவற்றின் ஆற்றல் பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அமைந்துள்ளது. மனிதப் பேச்சைப் புரியவைக்கும் பகுதி ஏறத்தாழ 500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. தொலைக்காட்சியின் ஓசையும், நாயின் குரைப்பும், குழந்தையின் அழுகையும் பெருமளவு இந்த எல்லைக்குள்ளேயே வருகின்றன. பாத்திரங்கள் மோதும் ஓசையும் துளையிடும் எந்திரத்தின் கீச்சொலியும் இன்னும் மேலே செல்பவை.

இவற்றைப் பிரித்தறியக் கருவி எதுவும் தேவையில்லை. தொல்லை தரும் ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்போது, செவித்துளைக்கு முன்னால் இருக்கும் சிறிய குருத்தெலும்பு மடலை இரு காதுகளிலும் விரலால் அழுத்தித் துளையை மூடிப் பாருங்கள். ஒலி பெருமளவு மறைந்துவிட்டால், அது காற்றின் வழியே வரும் நடு அல்லது உயர் சுருதி ஒலி. அதற்கு நல்ல காதடைப்பானே போதுமானதாக இருக்கக்கூடும். மூடிய பிறகும் ஒரு முழக்கம் எஞ்சியிருந்தால், அது தாழ்ந்த சுருதியைச் சேர்ந்தது. படுக்கையிலோ தரையிலோ கையை வைக்கும்போது அதிர்வையே உணர முடிகிறது என்றால், அந்த ஒலி கட்டடத்தின் உடல் வழியாகப் பயணம் செய்து உங்களை அடைகிறது என்று பொருள். மேல்தளத்தில் நடப்பவரின் காலடியும், சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட மோட்டாரின் அதிர்வும் இந்த வகையைச் சேர்ந்தவை. இத்தகைய ஒலியில் காதில் அணியும் எந்தக் கருவியும் ஒரு பகுதியை மட்டுமே குறைக்க முடியும். கட்டிலின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைப்பதும், கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துவதும் சில வேளைகளில் ஹெட்போனைவிடப் பயன் தருகின்றன.

அடுத்ததாக, அந்த ஒலி ஒரே சீராகத் தொடர்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, அல்லது பொருள் பொதிந்த பேச்சா என்பதைக் கவனியுங்கள். சீரான ஒலிக்கு மனம் நாளடைவில் பழகிவிடும். விட்டுவிட்டு வரும் ஒலிக்கு அது எளிதில் பழகுவதில்லை. பேச்சோ மிகவும் கடினமானது, ஏனெனில் சொற்கள் அரைகுறையாகக் கேட்டாலும் அவற்றை இட்டு நிரப்பிப் பொருள்கொள்ள மனம் முயன்றுகொண்டே இருக்கும். எனவே பேச்சைப் பொறுத்தவரை ஒலியைக் குறைத்தால் மட்டும் போதாது. சொற்கள் புரியாத நிலைக்கு அதைக் கொண்டுசெல்ல வேண்டும்.

டெசிபெல் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அது மடக்கை அளவுகோல் என்பதால், 10 டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. ஆயினும் காதுக்கு அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததுபோலவே தோன்றுகிறது. 'இரைச்சலை 90 விழுக்காடு குறைக்கும்' என்று ஒரு பெட்டியில் அச்சிடப்பட்டிருந்து, அந்த விழுக்காடு ஆற்றலைக் குறிப்பதாக இருந்தால், அது வெறும் 10 டெசிபெல்தான். விளம்பரத்தில் பெரிதாகத் தோன்றும் அந்த எண்ணை, சரியாகச் செருகப்பட்ட ஒரு சாதாரண நுரை அடைப்பான் எளிதில் விஞ்சிவிடும்.

படி 2: எப்போது, எந்த நிலையில் அணியப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

உறக்கத்திற்கு என்றால் தேர்வு பாதி முடிந்துவிட்டது. ஒருக்களித்துப் படுப்பவரால் காதுமூடியையோ பெரிய ஹெட்போனையோ அணிந்து உறங்க இயலாது. செவித்துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இயர்பட்ஸும் தலையணையில் அழுந்தி வலியைத் தரும். மென்மையான நுரை அடைப்பானும், மெழுகோ சிலிக்கோனோ கொண்டு காதின் வாயை மூடும் வகையுமே அவருக்கு ஏற்றவை. மல்லாந்து படுப்பவருக்கு மட்டும் சற்றுக் கூடுதலான வாய்ப்புகள் உண்டு.

படிப்பு, எழுத்து, கணினி வேலை ஆகியவற்றுக்கு என்றால் மணிக்கணக்கில் அணிந்திருக்க வேண்டும் என்பதால், தடுப்பாற்றலைவிட எடையும் இறுக்கமும் வெப்பமும் முதன்மை பெறுகின்றன. 35 டெசிபெல் குறைத்தாலும் அரை மணியில் கழற்றி வைக்கத் தூண்டும் கருவியைவிட, 22 டெசிபெல் குறைத்து நான்கு மணி நேரம் காதில் தங்கும் கருவியே மேலானது. கண்ணாடி அணிபவர் இதை இரு மடங்கு கவனமாக எண்ணிப்பார்க்க வேண்டும். கண்ணாடியின் கை, காதுமூடியின் மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் ஓர் இடைவெளியை உண்டாக்கி, அதன் தடுப்பாற்றலில் சில டெசிபெல்களைக் குறைத்துவிடுகிறது.

வீட்டிலிருந்தபடி அழைப்புகளில் பேசுவோருக்கு வேறு ஒரு செய்தி. ஹெட்போனின் நாய்ஸ் கேன்சலேஷன் உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. மறுமுனையில் இருப்பவருக்குப் போகும் இரைச்சலைக் குறைப்பது மைக்ரோபோனுக்குரிய தனித் தொழில்நுட்பம். விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கலந்து பேசுகின்றன. வாங்கும்போது இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள்.

படி 3: வகைகளை அவற்றின் வலிமையும் குறையும் அறிந்து ஒப்பிடுங்கள்

நுரை அடைப்பானிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் வாங்க வேண்டியதும் இதுவே என்பது என் துணிபு. இன்று எங்கும் கிடைக்கும் மெதுவாக விரியும் நுரை, 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராஸ் கார்ட்னரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பொருளின் வழி வந்தது. 1970களின் தொடக்கத்திலிருந்து காதடைப்பானாக விற்பனைக்கு வந்தது. உருட்டி மெலிதாக்கிச் செருகினால் அது செவித்துளையின் வடிவத்திற்கேற்ப விரிந்து, பேச்சையும் கீச்சொலியையும் மட்டுமன்றித் தாழ்ந்த சுருதியையும் கணிசமாகத் தடுக்கிறது. சந்தையில் உள்ளவற்றுள் மிக உயர்ந்த தடுப்பாற்றல் கொண்ட பொருள்களில் சில, மலிவான இந்த நுரை அடைப்பான்களே என்பதைப் பலர் நம்புவதில்லை. இதன் குறைகளும் தெளிவானவை: செருகும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும்; சிலருக்கு உள்ளிருந்து அழுத்துவது போன்ற உணர்வு உண்டாகும்; சில முறை பயன்படுத்திய பின் மாற்றிவிட வேண்டும்.

மெழுகு அடைப்பான் இன்னும் பழையது. பெர்லினில் மாக்ஸ் நெக்வர் 1907இல் தொடங்கிய ஓரோபாக்ஸ் நிறுவனம் இன்றும் அதைத் தயாரித்து வருகிறது. கையின் சூட்டில் இளக்கிக் காதின் வாயில் அப்பிக்கொள்ளும் இந்த வகையும், அதைப் போன்ற மென்சிலிக்கோன் வகையும், செவித்துளைக்குள் எதையும் நுழைக்க விரும்பாதவர்களுக்குப் பொருந்துகின்றன. இவற்றை உள்ளே திணிக்காமல் வாயை மட்டும் மூட வேண்டும். தடுப்பாற்றல் பொதுவாக நுரையைவிடக் குறைவாகவே இருக்கும்.

அடுக்கடுக்கான விளிம்புகளைக் கொண்ட, கழுவிப் பயன்படுத்தும் சிலிக்கோன் அடைப்பான் எளிதில் செருகத்தக்கது. ஆனால் செவித்துளையின் அளவுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் அதன் பயன் வெகுவாகக் குறையும். இசைக்கலைஞர்களுக்கென விற்கப்படும் வகை எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழச் சமமாகக் குறைத்து ஒலியின் தன்மையைக் காப்பதற்காக உருவானது. அமைதி தேடுபவருக்கு அதுவே குறை, ஏனெனில் அதை அணிந்தபடி அடுத்தவர் பேச்சைத் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். வீட்டு ஓசைகளைச் சற்றே தணித்துக்கொண்டு குடும்பத்தாருடன் இயல்பாக உரையாட விரும்புபவர் மட்டும் அதை நாடலாம். காதின் அச்செடுத்துச் செய்யப்படும் தனிப்பயன் அடைப்பான் நாள்தோறும் உறங்கும்போது அணிபவருக்கு வசதியானது. வசதிக்காகத்தான் அதற்குக் கூடுதல் செலவேயன்றி, நுரையைவிட அது கூடுதலாகத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் அன்று.

காதுமூடியின் பெருமை, அணியத் திறமை எதுவும் தேவையில்லை என்பதே. இரண்டு விநாடிகளில் போடலாம், கழற்றலாம். செவித்துளைக்குள் ஒன்றும் நுழைவதில்லை. நடு, உயர் சுருதிகளில் அது மிக நன்றாகத் தடுக்கிறது. பேச்சும் தொலைக்காட்சியும் உங்கள் சிக்கல் என்றால், இசை எதையும் தராத ஒரு சாதாரணக் காதுமூடி, பலமடங்கு விலையுள்ள ஹெட்போனை மிஞ்சுவது அரிதன்று. தாழ்ந்த சுருதியில் மட்டும் அது தளர்ந்துபோகிறது. எடையும் ஒரு தடை: உயர்ந்த தடுப்பாற்றல் கொண்ட காதுமூடிகளுள் ஒன்றான 3எம் நிறுவனத்தின் பெல்டோர் எக்ஸ்5ஏ ஏறத்தாழ 350 கிராம் எடையுள்ளது; அதை அரை நாள் தலையில் சுமப்பது எல்லோராலும் இயலாது. அதே வரிசையில் தடுப்பாற்றல் குறைந்த, மெலிந்த குவளைகள் கொண்ட வடிவங்களும் உள்ளன; வீட்டுக்கு அவையே பொருத்தமாக அமையும்.

இனி நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன். ஓர் ஒலியலையின் தலைகீழ் வடிவத்தை அதனுடன் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற கருத்துக்கு, ஜெர்மானியரான பால் லூக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது இதை ஹெட்போனில் செயல்படுத்தும் எண்ணத்தைப் பெற்றார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989இலும், பொதுமக்களுக்கான வடிவத்தை 2000இலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமான எஞ்சினின் இடைவிடாத முழக்கத்தை மனத்தில் கொண்டு பிறந்த இந்தத் தொழில்நுட்பம், இன்றும் அத்தகைய ஒலியிடமே தன் முழுத் திறமையையும் காட்டுகிறது.

அதற்கான காரணத்தை அலையின் நீளத்தில் காணலாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 3.4 மீட்டர், 5000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது 7 சென்டிமீட்டர்தான். எதிரலை சில மில்லிமீட்டர் இடம் பிசகினாலும், நீண்ட அலையில் அந்தப் பிசகு ஒரு பொருட்டாவதில்லை. குறுகிய அலையிலோ கழித்தல் நடைபெறாமல் போவதோடு, ஒலி கூடிவிடவும் நேரலாம். ஆகையால் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் இந்த மின்னணுத் தந்திரத்தின் பயன் விரைந்து குறைகிறது. அங்கே நடைபெறும் தடுப்பு, குவளையும் மெத்தையும் செய்யும் சாதாரண அடைப்புதான். பேச்சின் புரிதல் பெரும்பாலும் அந்த மேல்பகுதியைச் சார்ந்திருப்பதால், நல்ல ஹெட்போன்கூடப் பேச்சை மங்கச் செய்யுமேயன்றி முற்றிலும் நீக்காது. திடீரென எழும் குரைப்பையும் கதவு அறையும் ஓசையையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இதையெல்லாம் கூறுவது ஹெட்போனை வேண்டாம் என்பதற்காக அன்று. ஏ.சி., மின்விசிறி, ஜெனரேட்டர், நெடுஞ்சாலையின் தொடர் முழக்கம் ஆகியவற்றுக்கு இதற்கு இணையான கருவி இல்லை. காதுமூடி தோற்கும் இடத்தில் இது வெல்கிறது. வாங்குவதாயின், காதைச் சுற்றி முழுவதுமாக அமரும் மெத்தை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். காதுமடலின் மேல் அமரும் சிறிய வகை போதிய அடைப்பைத் தருவதில்லை. இயர்பட்ஸாயின், சிலிக்கோன் அல்லது நுரை முனை கொண்டு துளையை மூடும் வகையே வேண்டும். முனையில்லாமல் காதில் தொங்கும் வகை, கேன்சலேஷன் இருப்பதாகக் கூறப்பட்டாலும் இந்த நோக்கத்திற்குப் பயன்படாது. பாட்டு ஏதும் ஓடாதபோதும், போனுடன் இணைக்காமலும் கேன்சலேஷன் மட்டும் இயங்குமா என்று பாருங்கள். சிலருக்கு இதை அணிந்ததும் காதில் அழுத்தம் ஏற்பட்டதுபோன்ற உணர்வும் தலைச்சுற்றலும் வருகின்றன. திருப்பித் தரும் வசதியுள்ள இடத்தில் வாங்குவதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

படி 4: பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காதடைப்பானிலும் காதுமூடியிலும், அவை எத்தனை டெசிபெல் குறைக்கும் என்பதைக் காட்டும் இரண்டு எண்களில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். என்.ஆர்.ஆர். என்பது அமெரிக்க முறை. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979 முதல் அதைக் கட்டாயமாக்கியது. எஸ்.என்.ஆர். என்பது ஐரோப்பிய முறை. சோதிக்கும் முறைகள் வேறுபடுவதால் ஒரே பொருளுக்கு எஸ்.என்.ஆர். எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்: மேலே கூறிய எக்ஸ்5ஏ காதுமூடிக்கு என்.ஆர்.ஆர். 31, எஸ்.என்.ஆர். 37. ஆகவே ஒரு பொருளின் என்.ஆர்.ஆர். எண்ணை இன்னொன்றின் எஸ்.என்.ஆர். எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

இந்த எண்கள் ஆய்வுக்கூடத்தில், முறையாக அணிவிக்கப்பட்ட நிலையில் கிடைத்தவை. நடைமுறையில் மக்கள் அணியும் விதம் அவ்வளவு சீராக இருப்பதில்லை. அதனால்தான் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7ஐக் கழித்து எஞ்சியதைப் பாதியாக்கும் முறையைப் பின்பற்றுகிறது: 33 என்று அச்சிடப்பட்ட அடைப்பானுக்கு 13 டெசிபெல் மட்டுமே உறுதியெனக் கொள்ளப்படுகிறது. அச்சிட்ட எண்ணிலிருந்து கழிக்கும்படி நியோஷ் என்னும் ஆய்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்த தள்ளுபடி இன்னும் பாடம் புகட்டுவது: காதுமூடிக்கு 25 விழுக்காடு, நுரை அடைப்பானுக்கு 50 விழுக்காடு, பிற அடைப்பான்களுக்கு 70 விழுக்காடு. அணியத் திறமை தேவைப்படாத காதுமூடிக்குத் தள்ளுபடி குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். செருகும் முறையைப் பழகிக்கொள்ள மனமில்லாதவருக்கு, 33 எண்ணுள்ள நுரையைவிட 25 எண்ணுள்ள காதுமூடி உண்மையில் கூடுதலான அமைதியைத் தரக்கூடும்.

ஐரோப்பிய முறைப்படி அச்சிட்ட பெட்டிகளில் எச், எம், எல் என்ற மூன்று எண்கள் கூடுதலாக இருக்கும். அவை முறையே உயர், நடு, தாழ் சுருதிகளில் கருவி எவ்வளவு குறைக்கிறது என்பதைக் காட்டுகின்றன. பெரும்பாலோர் ஏறெடுத்தும் பாராத இந்த மூன்றே வீட்டு இரைச்சலுக்கு மிகவும் பயன்படுபவை. எஞ்சின் முழக்கம் உங்கள் சிக்கல் என்றால் எல் எண்ணையும், பேச்சு என்றால் எம் எண்ணையும் ஒப்பிடுங்கள். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்களுள் பெரும்பாலானவற்றில் இத்தகைய எண் எதுவும் இருப்பதில்லை; அவற்றுக்கு ஆர்டிங்ஸ் போன்று சுருதிவாரியாக அளந்து வரைபடம் வெளியிடும் மதிப்பாய்வுத் தளங்களையே நாட வேண்டும்.

படி 5: பொருந்தும்படி அணியப் பழகுங்கள்

தேர்வைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது அணியும் முறை. நுரை அடைப்பானைச் சுத்தமான, உலர்ந்த விரல்களால் மெதுவாக உருட்டி, மடிப்பு விழாத மெல்லிய உருளையாக்குங்கள். வலக்காதில் செருகுவதாயின், இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலக்காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் செவித்துளை அப்போது ஓரளவு நேராகும். அடைப்பானை உடனே உள்ளே செலுத்தி, அது விரியும்வரை 30 விநாடிகள் விரல் நுனியால் அழுத்திப் பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது செருகப்படவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றி மீண்டும் உருட்டிச் செருகுங்கள்.

சரியாக அமர்ந்ததா என்று அறிய, சீரான ஓசை இருக்கும் இடத்தில் இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது ஓசை பெரிதும் குறைகிறது என்றால் அடைப்பில் கசிவு இருக்கிறது. வேறுபாடு அற்பமாக இருந்தால் நன்றாக அமர்ந்திருக்கிறது. இரு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு காதுக்குச் சிறிய அளவும் மற்றதற்குப் பெரிய அளவும் தேவைப்படுவது இயல்பே என்பதால், பல அளவுகள் கலந்த பொதியை முதலில் வாங்கிப் பார்ப்பது அறிவுடைமை.

அடைத்ததும் உங்கள் குரலும், மெல்லும் ஓசையும், மூச்சும் தலைக்குள் முழங்குவதாகத் தோன்றும். எலும்பின் வழியே செவித்துளைக்கு வரும் தாழ்ந்த ஒலி வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதே இதற்குக் காரணம். அடைப்பான் ஆழமாக அமர்ந்தால் இந்த முழக்கம் குறையும். மேலோட்டமாகச் செருகினால் கூடும். பலர் இந்த உணர்வைப் பொறுக்காமல் அடைப்பானைச் சற்று வெளியே இழுத்துவிடுகின்றனர், அதனால் முழக்கமும் கூடி, அமைதியும் குலைகிறது.

படி 6: ஒன்று போதாதபோது இணைத்துப் பயன்படுத்துங்கள்

நுரை அடைப்பானுக்கு மேல் காதுமூடி அணிவது வலிமையான வழி. ஆனால் 33ஐயும் 31ஐயும் கூட்டி 64 டெசிபெல் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டில் உயர்ந்த எண்ணோடு ஏறத்தாழ 5 டெசிபெல் கூடுவதாகக் கொள்வதே வழக்கம். காதை எவ்வளவு மூடினாலும் மண்டையோட்டின் வழியே ஒலி உட்செவியை அடைந்துவிடுவதால், 40 முதல் 50 டெசிபெல்லுக்கு மேல் எவராலும் தடுக்க இயலாது. முழு மௌனத்தைத் தேடிக் கருவி மேல் கருவி வாங்குவோர் இந்த எல்லையை அறிந்துகொள்வது அவர்களின் பணப்பைக்கு நல்லது.

என் கருத்தில், பேச்சை வெல்வதற்குத் தடுப்பதும் மறைப்பதும் சேர்ந்த முறையே சிறந்தது. முதலில் அடைப்பானோ காதுமூடியோ கொண்டு பேச்சின் வலிமையைக் குறையுங்கள். பிறகு எஞ்சியிருக்கும் கிசுகிசுப்பைச் சீரான ஓர் ஒலியால் மூடுங்கள். கிசுகிசுப்பை மூட மிகச் சிறிய ஒலியே போதும் என்பதால், மறைக்கும் ஒலியே தொல்லையாகிவிடாது. இத்தகைய சீரான ஒலிகளுள் வெண்ணிரைச்சலில் உயர்சுருதி ஓங்கி நின்று சீறுவதுபோல் கேட்கும். பிங்க் நாய்ஸில் சுருதி ஏறஏற ஆற்றல் குறைவதால் அது மழையோசையை ஒத்திருக்கும். பிரவுன் நாய்ஸ் இன்னும் ஆழ்ந்த முழக்கம். பேச்சை மறைக்கப் பிங்க் வகையையும், காலடி போன்ற தாழ்ந்த ஓசைகளை மறைக்கப் பிரவுன் வகையையும் முதலில் முயன்று பாருங்கள். அடைப்பான் அணிந்து, அதன் மேல் பெரிய ஹெட்போனை வைத்து இவ்வொலியைக் கேட்கலாம். அப்படிச் செய்பவர், ஒலியைக் குறைக்காமல் அடைப்பானை மட்டும் கழற்றிவிட்டு ஹெட்போனை மீண்டும் அணியக் கூடாது; அடைப்பில்லாத காதுக்கு அந்த ஒலி மிகுதியாகிவிடும்.

இரைச்சலை வெல்வதற்காகப் பாட்டின் ஒலியைக் கூட்டுவது மட்டும் வேண்டாம். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல், சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார அமைப்பு கூறும் பாதுகாப்பான அளவு. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகிறது. நல்ல அடைப்புள்ள ஹெட்போன் இந்த வகையிலும் உதவுகிறது: வெளியோசை குறைந்தால் பாட்டைக் கூட்ட வேண்டிய தேவையும் குறைகிறது.

படி 7: காதையும் வீட்டையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

காதில் சீழ், வலி, செவிப்பறையில் துளை, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் துளைக்குள் எதையும் செருகாதீர்கள். நாள்தோறும் அடைப்பான் அணிபவருக்குக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு இறுகிவிடக்கூடும்; கேட்கும் திறன் மந்தமானால் பஞ்சுக்குச்சியால் கிளறாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். துளையை இறுக மூடும் அடைப்பானை வெடுக்கென்று இழுக்காமல், சற்றே திருகி, காற்று நுழைய விட்டு எடுங்கள். சிறு குழந்தைகளுக்கு அடைப்பான் கொடுக்கவே கூடாது, விழுங்கி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்கென அளவு குறைத்துச் செய்யப்பட்ட காதுமூடியே தகும்.

உறங்கும்போது எதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப்பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவிகள் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலியை எழுப்புகின்றன. அடைப்பான்கள் மிக நன்றாகத் தடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். தனியாக உறங்குபவர், எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறைக்குள்ளேயே பொருத்தி, அடைப்பான் அணிந்த நிலையில் அதன் சோதனைப் பொத்தானை வேறொருவரை அழுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்க்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வு அலாரமும், படுக்கையை அதிரச் செய்யும் எச்சரிக்கைக் கருவியும் காது கேளாதோருக்காக உருவானவை. அடைப்பானோடு உறங்குபவர்களுக்கும் அவை அவ்வளவே பயன்படும். பச்சிளங்குழந்தையையோ நோயாளியையோ கவனிக்கும் பொறுப்புள்ள வீட்டில், இருவர் முறைவைத்து அடைப்பான் அணிவதே பாதுகாப்பு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண ஓசைகளே பொறுக்க முடியாதவையாகத் தோன்றத் தொடங்கியிருந்தால், நாள் முழுவதும் காதை மூடி வைத்திருப்பது அந்த உணர்திறனைக் கூட்டிவிடக்கூடும். காதுக்கு வரும் ஒலி குறையும்போது மூளை அதைக் கூடுதலாகப் பெருக்கிக்கொள்வதாகக் கருதப்படுகிறது. காதில் இரைச்சல் நோய் உள்ளவருக்கும் முழு அமைதியில் அந்த ஓசை ஓங்கிக் கேட்கும். இவ்விருவருக்கும் இறுக்கமான அடைப்பைவிட மெல்லிய பின்னணி ஒலியே உகந்தது. காது மருத்துவரின் ஆலோசனையும் தேவை.

படி 8: வாங்கியதைச் சோதித்து, பராமரியுங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்காமல், பல அளவுகள் கொண்ட நுரைப் பொதியில் தொடங்குங்கள். முறையாகச் செருகிய பிறகும் போதவில்லை என்றால், எஞ்சியிருப்பது எந்த ஒலி என்று கேளுங்கள்: பேச்சாக இருந்தால் அடுத்து வாங்க வேண்டியது காதுமூடி, முழக்கமாக இருந்தால் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன். புதிய ஹெட்போனைக் கடையின் சந்தடியில் மதிப்பிடாதீர்கள். தொல்லை நேரும் அதே அறையில், அதே நேரத்தில், நீங்கள் வழக்கமாக அமரும் அளவு நேரம் அணிந்து பார்த்துவிட்டு, திருப்பித் தருவதற்கான கெடுவுக்குள் முடிவெடுங்கள்.

நுரை அடைப்பான் அழுக்கடைந்தாலோ, உருட்டிய பின் மெதுவாக விரியாமல் விறைத்துப்போனாலோ எறிந்துவிடுங்கள். அதைக் கழுவினால் விரியும் தன்மை கெடும். சிலிக்கோன் வகையை இளஞ்சூடான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகே பெட்டியில் இடுங்கள். காதுமூடியின் மெத்தைகளும் உள்நுரையும் வியர்வையால் இறுகி வெடிக்கத் தொடங்கும்போது அடைப்பு தளர்கிறது. அடிக்கடி அணிபவர் ஆண்டுக்கு இருமுறை அவற்றை மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் அறிவுரை. ஹெட்போனின் மெத்தைக்கும் இது பொருந்தும், ஏனெனில் மெத்தை கசியத் தொடங்கியதும் கேன்சலேஷனும் குறைகிறது. மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.